ஆபீஸ் டூர்ல போல்டரிங் (கயிறில்லாம தாழ்வான பாறையில ஏறுறது) பண்ண பாறை தேடுறது எப்படி?

கேள்வி: மூணு நாள் வேலை, புது ஊர். சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும். பையில ஏறுற ஷூவும் கையில பூசுற சாக் பவுடரும் மட்டும். பாறையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் 1: தி க்ராக், மவுண்டன் ப்ராஜெக்ட்னு பாறை ஏறுறவங்களுக்கான ரெண்டு தளம் இருக்கு, அதுல தேடுங்க. மேப்பை மட்டும் நம்பாதீங்க, கடைசியா ஏறினவங்க போட்ட தேதியைப் பாருங்க. வருஷக்கணக்கா பதிவே இல்லைன்னா பாதை புதர் மண்டியிருக்கலாம், இல்ல நிலத்துக்காரர் அடைச்சிருக்கலாம். கிரேடு (எவ்வளவு கஷ்டம்ங்கிற அளவு) ரெண்டு முறையில இருக்கும்: ஃபான்ட் முறையில 7ஏ-ன்னா வி முறையில வி6.

பதில் 2: உள்ளூர் க்ளைம்பிங் ஜிம்ல விசாரிங்க. பேட் (விழுந்தா தாங்க கீழே விரிக்கிற மெத்தை) வாடகைக்குக் கிடைக்குமான்னும் கேளுங்க, துணையும் அங்கேயே அமையும். ரெண்டு பேட் போட்டா நடுவுல இடைவெளி விடாதீங்க. கணுக்கால் மடங்குறது அந்தச் சந்துலதான்.

பதில் 3: மழை பெய்ஞ்சிருந்தா பாறை என்ன வகைன்னு பாருங்க. கிரானைட் சீக்கிரம் காயும். மணற்பாறை மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். மணலைப் பிடிச்சிருக்கிற பசை இளகி, பிடிமானம் கையோட பெயர்ந்து வந்துடும். அடிவாரத்து மண்ணை விரலால தோண்டுங்க. ஈரமா இருந்தா அன்னைக்கு ஜிம்தான்.

கேட்டவர்: இருட்டிடுச்சுன்னா?

பதில் 2: ஹெட்லாம்ப் மட்டும் போதாது, கால் வைக்கிற இடத்துல உங்க நிழலே விழும். பக்கவாட்டுல இன்னொரு விளக்கு வைங்க. இறங்குற வழியை வெளிச்சத்துலயே பார்த்துடுங்க.