மைப் பேனாவில் வரைந்தால் இளம் முகமும் கிழடு தட்டுகிறது, எங்கே தப்பு?

அல்சூர்_கோடு:
பென்சிலிலிருந்து மைக்கு மாறியிருக்கிறேன். கையில் இருப்பவை: பிக்மா மைக்ரான் பேனா 01, 03, 08, ஒரு பிரஷ் பென் (பிரஷ் போன்ற முனையுள்ள மைப் பேனா), 6-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ், ஒரு புட்டி வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க். தாளின் கனம் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்). இருபத்தைந்து வயதுப் பெண்ணை வரைந்தால் ஐம்பது வயது போல வருகிறது. பென்சிலில் அளவு சரியாகத்தான் இருக்கிறது, மை போட்டதும் மாறிவிடுகிறது. பேனாக் கோட்டின் மேல் தண்ணீர் கலந்த மையைப் பூசினால் சில இடங்களில் கோடு கலங்குகிறது. 01 பேனா இரண்டு வாரத்திலேயே விட்டு விட்டு எழுதுகிறது. புட்டி மையை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றலாமா? ஞாயிறு காலைகளில் பெங்களூரு கப்பன் பார்க்கில் ஆட்களைப் பார்த்து வரைவதாகத் திட்டம்.

மைக்கூடு:
முகம் கிழடு தட்டுவதற்குக் காரணம் பேனாவை முதலில் எடுக்கும் வரிசை. பென்சிலில் அழுத்தம் குறைத்தால் கோடு மங்கும். மைக்ரானில் எங்கே வைத்தாலும் ஒரே கறுப்பு. மூக்கின் பக்கவாட்டில், கீழ் இமையில், மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் மடிப்பில் இளம் முகத்தில் கோடே கிடையாது. வெளிச்சம் மெல்லச் சரிவது மட்டும்தான் உண்டு. அங்கே கறுப்புக் கோடு போட்டால் பார்ப்பவர் கண் அதைச் சுருக்கம் என்றே படிக்கும்.

எனவே முதலில் பிரஷ், கடைசியில் பேனா. மூன்று பாட்டில் மூடிகளில் தலா ஒரு டீஸ்பூன் தண்ணீர் எடுத்து, 1 சொட்டு, 4 சொட்டு, 12 சொட்டு மை விடுங்கள். அதே தாளின் துண்டில் பூசிப் பாருங்கள். காய்ந்தபின் ஒரு படி வெளுக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். 2H பென்சிலில் (கடினமான, மங்கலாக எழுதும் பென்சில்) லேசாக அளவு குறித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிழல் ஒரே திட்டாகத் தெரியும்: கண்குழி, மூக்கின் அடி, கீழுதட்டின் அடி, தாடைக்குக் கீழ். தொட்டுக்கொண்டிருக்கும் நிழல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், 4 சொட்டுக் கலவையில் ஒரே மூச்சில் நிரப்புங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் பிரியும், விட்டுவிடுங்கள்.

புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். முழுக்கக் காய்ந்த பிறகு 12 சொட்டுக் கலவை: கண்மணி, மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு. 1 சொட்டுக் கலவை வெளிச்சப் பக்கக் கன்னம் திரும்பும் இடத்துக்கு மட்டும். அதற்குப் பிறகுதான் பேனா. மேல் இமைக்கு 03, வாய் ஓரங்களுக்கு 01, காதுக்கும் முடிக்கும் ஆங்காங்கே. பற்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவே கூடாது. இருபது கோட்டுக்கு மேல் போனால் பேனாவை மூடுங்கள்.

காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே கோடுதான் முகம், ஏனென்றால் அது முதிய முகம். அந்தக் கோட்டு வேகத்தை அப்படியே இளம் முகத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் பலர் செய்யும் பிழை.

நிப்_ராணி:
பேனா, தாள் பக்கம் நான் சொல்றேன். மைக்ரான் மை காய்ஞ்சாத்தான் வாட்டர்ப்ரூஃப். வழவழப்பான தாள்ல மை மேலேயே நிக்கும், அதனால அஞ்சு நிமிஷமாவது விடுங்க; மழைக்காலத்துல இன்னும் கூட. பென்சில் கோடு கனமா இருந்தாலும் மை தாளைத் தொடாம கிராஃபைட் மேல உக்காரும். அந்த இடம்தான் தண்ணி பட்டதும் கலங்கும். மை போடறதுக்கு முன்னாடியே பிசையற ரப்பரால ஒத்தி எடுத்துடுங்க, தேய்க்க வேணாம்.

நம்பரை மில்லிமீட்டர்னு நினைக்காதீங்க: 01 என்பது 0.25 மிமீ, 03 என்பது 0.35, 08 என்பது 0.50. 01 முனை சீக்கிரம் போறதுக்கு மூணு காரணம்: சொரசொரப்பான தாள், பென்சில் அழுத்தத்தோட எழுதறது, ஈரம் போகாத வாஷ் (தண்ணி கலந்த மைப் பூச்சு) மேல ஓட்டறது. தாளைக் கீறாம, பேனாவோட எடை மட்டும் போதும்னு விடுங்க. 08-ஐ வச்சு நிரப்ப வேண்டிய இடத்தை 01-ஆல நிரப்பவே கூடாது.

புட்டி மையை ஃபவுன்டன் பேனாவுல ஊத்தாதீங்க. டிராயிங் இங்க்ல பெரும்பாலும் அரக்கு இருக்கும். ஃபீடுக்குள்ள (நிப்புக்கு மை கொண்டுபோற பகுதி) காய்ஞ்சா தண்ணியால கரையாது, பேனா போச்சு. தொட்டு எழுதற நிப்புக்கு அது நல்லா ஒத்துவரும். புது நிப்புல எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணியில தேய்ச்சுத் துடைச்சாத்தான் மை ஒட்டும், இல்லேன்னா உருண்டு ஒரே பொட்டா விழும்.

150 ஜிஎஸ்எம் பேனாவுக்குப் போதும், வாஷுக்கு அலையடிக்கும். 300 எடுத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிக்குங்க.

சாய்வெயில்:
கப்பன் பார்க்கைப் பற்றி ஒன்று. மரத்தடி பெஞ்சில் இருப்பவரை வரையாதீர்கள். இலைகளின் இடையே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். மைக்கூடு சொன்ன ஒற்றை நிழல் திட்டு கிடைக்கவே கிடைக்காது. பேண்ட் ஸ்டாண்ட் பக்கம் திறந்தவெளியில், எட்டு மணிக்கு முன் சாய்வெயிலில் உட்கார்ந்தால் முகம் தெளிவாக இரண்டாகப் பிரியும். பதினொரு மணிக்கு மேல் கண்குழி இரண்டும் கறுப்புக் குழிகள்தான்.

அங்கே பென்சிலே வேண்டாம். பிரஷ் பென்னும் இரண்டு நிமிடமும். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் வரும். முடியின் உயரத்தை மறந்து கண்ணை மேலே ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. பிரஷ் பென்னின் உடலை அமுக்கினால் மை குபுக்கென்று இறங்கும். வரையும்போது அமுக்காமல், டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிய பிறகு ஆரம்பியுங்கள்.

அல்சூர்_கோடு:
வரிசையை மாற்றி ஒன்று வரைந்தேன். கன்னம் நன்றாக வந்தது. தாடிக்காரர் முகத்தில் மட்டும் பிரஷ் முடி பிரிந்து இரண்டு கோடாக விழுகிறது. பிரஷ் கெட்டுப்போய்விட்டதா?

மைக்கூடு:
தாடிக்குப் பிரிந்த முடி வசதிதான்: மையை டிஷ்யூவில் பாதி எடுத்துவிட்டு, படுக்கவைத்து இழுங்கள். கூர்மை தேவைப்படும்போதும் பிரிந்தால், மை உலோகப் பட்டைக்குள் ஏறிக் காய்ந்திருக்கிறது. முடியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மையில் முக்காதீர்கள். முடித்த உடனே உள்ளங்கையில் சோப்பு வைத்து, நுரை வெள்ளையாகும்வரை சுழற்றி அலசி, விரலால் கூர் பிடித்துப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஈரம் பட்டைக்குள் இறங்கும்.