புதிய தலைமையாசிரியையை முந்தையவரோடு ஒப்பிடாமல் வரவேற்பது எப்படி?

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய தலைமையாசிரியை, மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குச் சென்றுவிட்டார். அலுவலகம் அலுவலகமாக அலைந்து சுற்றுச்சுவர் கட்ட வைத்தவர் அவர். பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாசிக்கச் செய்தவரும் அவரே. அவருடைய இடத்துக்கு வந்திருப்பவருக்கு அண்மையில் வரவேற்புக் கூட்டம் நடத்தினோம். பேசியவர்கள் நல்ல மனத்தோடுதான் பேசினார்கள். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் முந்தையவரின் பெருமையைச் சொல்லி, "நீங்களும் அந்த அம்மா மாதிரியே இருக்கணும்" என்று முடித்தார்கள். போர்த்திய சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அவர் தலையசைத்தபடி இருந்தார். சென்றவர் மீதுள்ள நன்றியை மறைக்காமலும் வந்தவரைச் சங்கடப்படுத்தாமலும் நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

பதில் 1: கணக்கு டீச்சர்

இன்னொருவர் விட்டுச்சென்ற இடத்துக்கு மாறுதலில் போன அனுபவம் எனக்கு உண்டு என்பதால் எழுதுகிறேன். வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "எங்க சார் இப்படிப் போட மாட்டாரு டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னான். அவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, சார் எப்படிப் போடுவார் என்று போட்டுக் காட்டச் சொன்னேன். அவன் போட்டதும் சரியான வழிதான். இரண்டில் எது எளிதோ அதைப் பின்பற்றலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். பிள்ளைகள் இப்படிப் பேசுவது பிரிவின் வருத்தம், அது தானாகவே அடங்கிவிடும். பெரியவர்கள் சொல்வதுதான் மனத்தில் நிற்கிறது, ஏனென்றால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது.

2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாறுதல் பெற்ற ஆங்கில ஆசிரியரை மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுத காட்சியை நாடே பார்த்தது. அந்த உத்தரவு தற்காலிகமாக நிறுத்திவைக்கவும்பட்டது. ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆயினும் அப்படிப்பட்ட ஒருவர் அமர்ந்த நாற்காலியில் மறுநாள் வந்து அமரவேண்டியவரின் நிலையைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. அவர் யாரையும் வெளியேற்றிவிட்டு வந்தவர் அல்லர். பணிமூப்பு வரிசையில் தம் முறை வந்தபோது காலியிடப் பட்டியலில் எஞ்சியிருந்ததைத் தேர்ந்தெடுத்தவராகவோ, ஆசிரியர்கள் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் அனுப்பப்பட்டவராகவோ இருக்கலாம்.

ஆகவே, அவரிடம் முந்தையவரின் குணங்களைச் சொல்வதற்குப் பதிலாக ஊரின் செய்திகளைச் சொல்லுங்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் அறுவடைக் காலத்தில் வராமல் நின்றுவிடுகிறார்கள், எந்த வீட்டில் பாட்டி மட்டுமே இருக்கிறார், மழை பெய்தால் எந்த வகுப்பறை ஒழுகும் என்பவை அவருக்கு முதல் நாளிலேயே பயன்படும்.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலே உள்ள அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாலை வாசிப்பைப் பள்ளியின் வழக்கமாக்காமல் அந்த அம்மாவின் வழக்கமாகவே விட்டுவைத்ததுதான் இப்போதைய சிக்கலுக்கு வேர். பொறுப்பு ஒப்படைக்கும்போது சேர்க்கை நீக்கப் பதிவேடும் தளவாடப் பட்டியலும் கைமாறுகின்றன. இத்தகைய நல்ல பழக்கங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான். மாலை வாசிப்பு தொடரவேண்டும் என்று நீங்கள் விரும்பினால், யார் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது, எத்தனை மணிக்கு முடிப்பது என்பதைப் புதியவரோடு கலந்து பேசித் தீர்மானமாக எழுதிவையுங்கள். அப்போது அதைச் சென்றவரின் பெயர் சொல்லிக் கேட்கவேண்டிய தேவையே எழாது.

பதில் 3: முன்னாள் மாணவன்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒப்பிடவே கூடாது என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. முன்பு நன்றாக நடந்த ஒன்று நின்றுபோனால் பெற்றோர் கேட்கத்தானே வேண்டும்? மரியாதை என்ற பெயரில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் நட்டம் பிள்ளைகளுக்குத்தான்.

பதில் 4: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தாராளமாகக் கேளுங்கள், தம்பி. "மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அது பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. "அந்த அம்மா இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்றால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. தவிரவும், இருவரின் காலமும் ஒன்றல்ல. முந்தையவர் பொறுப்பேற்றபோது காலை உணவுத் திட்டமே கிடையாது. அது 2022 செப்டம்பரில்தான் மதுரையில் தொடங்கியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. இன்று வருபவர் இவை அனைத்தையும் முதல் வாரத்திலேயே சேர்த்துச் சுமக்கிறார்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. வாசிப்பு வகுப்பை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்துவிட்டோம். புதியவரின் கருத்தைக் கேட்ட பிறகே தீர்மானம் எழுதப்படும். இன்னொரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முந்தையவர் இன்னும் இருக்கிறார்; மாற்றுச் சான்றிதழ் பற்றிக்கூட அவரிடமே சிலர் கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்கிறார்.

பதில் 5: கணக்கு டீச்சர்

நீங்களாக நீக்கிவிடாதீர்கள், அவர் மனம் புண்படும். அவரிடமே தொலைபேசியில் பேசுங்கள். விவரம் தெரிந்தவர் என்றால், "இனிமேல் புதிய டீச்சர்கிட்டயே கேளுங்க" என்று குழுவில் ஒரு வரி எழுதிவிட்டு அவரே விலகிக்கொள்வார்.