சீன தற்காப்புக்கலைப் படங்களில் தேசிய உணர்வு சண்டைக்கு வலுவா, சுமையா?

கேள்வி:
குங்ஃபூ ஆசான் இப் மேனின் கதையாக 2008இல் வெளிவந்த 'இப் மேன்' படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் ஃபோஷான் நகரம் படும் துயரம் மனத்தை உலுக்குகிறது; ஆனால் தளபதி மியுராவைத் தவிர ஜப்பானியர் எவருக்கும் தனி இயல்பு என்று ஏதும் இல்லை. 1972இன் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' காலத்திலிருந்தே அவமானம், பழிவாங்கல் என்ற இதே பாதைதான். இந்தத் தேசிய உணர்வை எடுத்துவிட்டால் அச்சண்டைகள் நம்மை இவ்வளவு ஈர்க்குமா?

மறுமொழி 1:
ஈர்க்காது என்பதே என் கருத்து. வடக்கிலிருந்து சவால்விட வந்தவரை, வீட்டுக்கூடத்தில் இறகுத் துடைப்பத்தை வைத்தே அடக்கிவிடும் இப் மேன், நண்பர் லியாவ் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்ட பின் பத்து கராத்தே வீரர்களை எதிர்கொள்ளும்போது, விழுந்தவரைக்கூட விடாமல் எலும்பை முறிக்கிறார். கலை அதே விங் சுன் என்னும் குங்ஃபூ முறைதான். அதிலிருந்த நிதானம் போய்விட்டது. ஒரு மனிதன் உள்ளுக்குள் உடைந்ததை, சம்மோ ஹங் வடிவமைத்த அந்த அடிகளே வசனமின்றிச் சொல்லிவிடுகின்றன. ஆக்கிரமிப்பு என்ற பின்னணி இல்லாமல் இந்த மாற்றத்திற்கு இடமே இல்லை.

மறுமொழி 2:
மேலே உள்ளவரின் கருத்தில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யில் புரூஸ் லீ நடித்த சென் ஜென் பாத்திரத்தையே 1994இல் ஜெட் லி ஏற்ற 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' படத்தில், நாயகன் ஜப்பானில் படித்தவன்; அவன் காதலி ஜப்பானியப் பெண். யசுவாகி குராட்டா நடித்த முதிய ஆசான் ஃபுனகோஷியுடன் இருவரும் கண்களைக் கட்டிக்கொண்டு மோதும் காட்சியில் பகை என்பதே கிடையாது. இறுதியில் தளபதி ஃபுஜிட்டாவுடன் நடக்கும் ஆவேசமான மோதலைவிட அதுவே என் நினைவில் நிற்கிறது. எதிராளிக்கு மதிப்பு இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பதிலடிக்கும் பொருள் கூடுகிறது. அந்நிய வெறுப்பையே எதிரியாக நிறுத்தி, வெளிநாட்டவரை வெறுக்கும் வெள்ளைத் தாமரை என்ற சீனக் குழுவினரோடு குங்ஃபூ நாயகன் வோங் ஃபெய்-ஹங்கை மோதவிட்டது, ட்சுய் ஹார்க் 1992இல் இயக்கிய 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா'வின் இரண்டாம் பாகம். தேசப்பற்று அங்கேயும் உண்டு, ஆனால் அது தன்னையே கேள்வி கேட்டுக்கொள்கிறது.

கேள்வி கேட்டவர்:
இரு மறுமொழிகளுக்கும் நன்றி. படித்தபின் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. 1972இன் சென் ஜென் கடைசியில் துப்பாக்கிகளை நோக்கித்தான் பாய்கிறான். மியுராவை மேடையில் வீழ்த்திய இப் மேன்மீதும் குண்டுதான் பாய்கிறது. கைச்சண்டையில் வென்றாலும் நாடு மீளவில்லை என்பதை இப்படங்கள் மறைக்கவில்லை. அவற்றை வெறும் வெற்றி முழக்கமாக நான் கருதியது போதாது போலும்.