கிரகணத்தன்று மீன் வெட்டினால் பிள்ளையின் உதடு பிளக்குமா?

கல்லாற்றுப் பிள்ளை:
மச்சாளுக்குப் போன மாதம் பெண் பிள்ளை பிறந்தது, மேலுதட்டில் ஒரு பக்கம் பிளவு. மற்றபடி நல்ல துடிப்பு, பால் குடிக்கத்தான் கஷ்டப்படுகிறது. அம்மா அன்றிலிருந்து ஒரே கதைதான், ஏழாம் மாதம் கிரகணத்தன்று சொல்லச் சொல்லக் கேளாமல் மீன் வெட்டினாளாம், அதுதான் உதடு வெட்டுப்பட்டதாம். மச்சாள் வாயே திறப்பதில்லை, அழுதுகொண்டே இருக்கிறா. நானும் ஒரு பிள்ளை பெறப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் கணவர் சொந்த மாமா மகன் வேறு. இப்படியெல்லாம் எதனால் வருகிறது? பயமாக இருக்கிறது.

பழைய மிட்வைப்:
மகள், அம்மாவின் கணக்கே பிழை. மேலுதடு இரண்டு பக்கமும் வளர்ந்து வந்து ஒட்டுவது ஏழாவது கிழமைக்குள், அண்ணம், அதாவது வாயின் மேல்கூரை, ஒட்டுவது ஒன்பதாவது கிழமையோடு. ஏழாம் மாதத்தில், ஒட்டி முடிந்த உதட்டை எந்தக் கத்தி பிளக்கும்? கிரகணத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்த தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளை பிறந்து பார்த்திருக்கிறேன்.

குறைபாடு பல மாதிரி. உதடு, இதயத்தில் ஓட்டை, மூடாத முள்ளந்தண்டு எல்லாம் உறுப்பு உருவாகும்போதே பிழைப்பது. வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே வேலை பிழைப்பது வேறு, பரம்பரையாக வருகிற இரத்தக் குறைபாடான தலசீமியா, தைரொய்ட் சுரக்காதது மாதிரி. டவுன் சின்ட்ரோம் என்பது பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற நிறமூர்த்தங்களில் 21ஆவது ஒன்று கூடிப்போவது, தாய்க்கு வயது ஏற ஏற அதற்கு வாய்ப்புக் கூடும். கட்டுப்படாத சீனி வருத்தம், சாராயம், முதல் மூன்று மாதத்தில் வருகிற ருபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல், இவையும் காரணம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று எந்த டொக்டராலும் கை நீட்டிச் சொல்ல முடியாது. பிறகு மச்சாளை மட்டும் எப்படிச் சொல்வது?

நீங்கள் செய்ய வேண்டியது போலிக் அசிட் குளிசை போடுவது, முள்ளந்தண்டு மூடாமல் போகிற வாய்ப்பைக் குறைக்கிற விற்றமின் அது. முள்ளந்தண்டு மூடுவது கரு தங்கி 28 நாளுக்குள், அதாவது மாதவிலக்குத் தள்ளிப்போய் நீங்கள் கிளினிக்கில் பதிய வரும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் இப்போதே தொடங்குங்கள், உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டால் தருவா.

அக்கரைப்பற்று வாப்பா:
சொந்தத்துக்குள் முடித்ததற்குப் பயந்து சாக வேண்டாம் தங்கச்சி. எங்களுக்கும் மச்சான் மச்சாள் கலியாணம்தான். பொதுவாக 100 பிள்ளைக்கு மூன்று பேருக்குப் பெரிய குறைபாடு வரும் என்றால், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்று கேட்டால் நெஞ்சு பதறும், ஆனால் மீதி 94 பேர் சுகமாகத்தானே பிறக்கிறார்கள். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் இரண்டு பேரும் இரத்தம் சோதியுங்கள். என் மூத்தவனுக்குப் பாதம் உள்ளே திரும்பியிருந்தது, கிழமைக்குக் கிழமை பிளாஸ்டர் மாற்றிப் போட்டே நேராக்கினார்கள், இப்போது கிரிக்கெட்டில் என்னை ஓட விடுகிறான்.

செங்கலடி அக்கா:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏதாவது குளிசை தொடர்ந்து போடுகிறீர்களா? நான் வலிப்புக்கு வால்ப்ரோயேட் போட்டவள், அது பிள்ளையின் முள்ளந்தண்டைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை பெறப் பார்க்க முதலே டொக்டரிடம் கேட்டபடியால் வேறு குளிசைக்கு மாற்றினார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் அது இன்னும் ஆபத்து. 18 முதல் 22 கிழமைக்குள் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேனையும் விடாதீர்கள், அதிலும் எல்லாம் தெரிந்துவிடும் என்று இல்லை.

பழைய மிட்வைப்:
அப்புறம் மச்சாளின் பிள்ளைக்குப் பாலைப் பீச்சி, நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறை ஏறினால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுவார்கள்.

கல்லாற்றுப் பிள்ளை:
எல்லாவற்றையும் அண்ணா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப பப்பாசிப் பழம் திண்டதாலயோ?" என்று கேட்கிறா. மச்சாள் ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தா.