கருப்பாயூரணி வீட்டுக் குழு: பெரியப்பா காலு

வள்ளி பெரியம்மா: பெரியப்பா கணுக்கால்ல உள்பக்கம் புண்ணு. ரெண்டு மாசமா வேட்டிய எறக்கிக் கட்டி மறைச்சிருக்காரு. இன்னைக்குத் துவைக்கிறப்ப வேட்டிக்கரை மஞ்சத்தண்ணி காஞ்சு அப்பளம் மாதிரி வெறச்சுக் கெடந்துச்சு. போட்டோ பாருங்க

பாண்டி: ஐயோ பெரிம்மா

தவமணி அயித்தை: சுகரா

வள்ளி பெரியம்மா: போன மாசம் பாத்தோம். சுகர் இல்ல

சேகர் சித்தப்பா: மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போடுங்க மதினி

செல்வி: வேணாம் சித்தப்பா. இது நரம்பு சுருட்டல் புண்ணு, வெரிகோஸ் வெயின்ம்பாங்களே அது. கால்ல ரத்தம் மேல ஏற ரத்த நரம்புக்குள்ள சின்னச்சின்ன வால்வு இருக்கு. அது பழுதானா ரத்தம் கணுக்கால்ல தேங்கும். அதுலருந்து சிவப்பணு கசிஞ்சு, இரும்புச்சத்து தோல்ல தங்கிரும். புண்ணச் சுத்தி புளி கலர்ல இருக்கே, அது அழுக்கு இல்ல பெரிம்மா, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீங்க. அப்புறம் அரிப்பு, தோல் கட்ட மாதிரி இறுகுறது, கடைசியில புண்ணு. கண்ட ஆயின்மென்ட்டும் வேணாம், இந்தத் தோலுக்குச் சட்டுனு ஒத்துக்காமப் போயிரும். இறுக்கிக் கட்டுனாத்தான் ஆறும். ஆனா நீங்களா கட்டாதீங்க. பீடி குடிச்ச உடம்பு, பாதத்துக்கு ரத்தம் நல்லா வருதான்னு கணுக்கால்ல பிரஷர் பாத்துட்டுத்தான் கட்டணும். ரத்தம் எப்படி ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேனும் பாக்கணும்

பாண்டி: ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு வேன் எத்தன மணிக்கு?

தவமணி அயித்தை: 5.30. அழகர்கோயில்ல 7க்குள்ள மொட்டை

சேகர் சித்தப்பா: 30 வருசம் பரோட்டாக் கல்லு முன்னாடி நின்னா? அப்பவே ஆளப் போடச் சொன்னேன்

வள்ளி பெரியம்மா: சம்பளம் யாரு குடுத்தா தம்பி? கடையில பங்கு மட்டும் கேட்டீங்க

பாண்டி: பெரிம்மா விடுங்க

மீனா: எங்க ஜவுளிக்கடையில ரெண்டு அக்காவுக்கு இப்படித்தான் கருத்திருக்கு. ஒக்கார இருக்கை குடுக்கணும்னு 2021லயே சட்டம் வந்துச்சு. ஸ்டூல் கெடக்கு, ஒக்காந்தா மொறைக்கிறாங்க

செல்வி: மீனா, அவங்கள இப்பவே காட்டச் சொல்லு. புண்ணு வர்றதுக்கு முந்தியே சாக்ஸ் மாட்டணும்

தவமணி அயித்தை: எந்த சாக்ஸு

செல்வி: இறுக்கமான முழங்கால் சாக்ஸ் அயித்தை. டாக்டர் அளவெடுத்துச் சொல்வாரு. காலையில எந்திரிச்சதும் வீங்குறதுக்குள்ள போடணும்

வள்ளி பெரியம்மா: காதுகுத்து முடியட்டும், திங்கக்கெழம பாப்போம்ங்கிறாரு

செல்வி: நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரட்டும் பெரிம்மா. நான் டூட்டியிலதான் இருப்பேன். காதுகுத்துக்கும் வரட்டும். நடக்கலாம், நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது. பந்தி பரிமாற விடாதீங்க

சேகர் சித்தப்பா: அண்ணன நான் கூட்டிட்டுப் போறேன்

வள்ளி பெரியம்மா: கேட்டுச் சொல்றேன்

தவமணி அயித்தை: கறி 15 கிலோ பத்துமா?

செல்வி: பெரிம்மா கால நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சிருக்காரா?

வள்ளி பெரியம்மா: ரெண்டு தலகாணி வச்சேன். எறக்கிட்டாரு. திரும்ப வச்சிருக்கேன்