குழந்தை அழாதபோது: முகத்தில் வைக்கும் மாஸ்க்கும் தொண்டைக்குள் வைக்கும் எல்.எம்.ஏ.வும், நம் அனுபவங்கள்

அரூர் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:
இரவு ஷிப்ட். சித்தேரி மலையிலிருந்து 108-ல் வந்த அம்மாவுக்கு, வந்த கால் மணி நேரத்தில் பிரசவம். குழந்தை 2.9 கிலோ, அழவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு இல்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்று கொடுத்தாக வேண்டும். வார்மரில் (குழந்தைக்குச் சூடு தரும் மேடை) போட்டு, முகத்தில் மாஸ்க்கை வைத்து, அம்பு பேக்கை (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) அமுக்கினேன், நெஞ்சு ஏறவே இல்லை. கன்னத்தோரம் புஸ்ஸென்று காற்று கசிவது என் விரலில் பட்டது. மாஸ்க் விளிம்பு கண் மேல் ஏறியிருந்தது.

எடுத்துவிட்டு, தோளுக்கடியில் துணியை மடித்து வைத்து, தாடையைத் தூக்கி மாஸ்க்கோடு சேர்த்துப் பிடித்தேன். "அமுக்கு, இரண்டு, மூன்று" என்று எண்ணி மறுபடி அமுக்க, நெஞ்சு ஏறியது. ஸ்டெத் வைத்திருந்த அக்கா துடிப்பை வார்மர் ஓரத்தில் விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக இருந்த தட்டு வேகமானது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் அழுகை வந்தது.

கிருஷ்ணகிரி, பிரசவ அறை நர்ஸ்:
அக்கா, எனக்கு நடந்தது வேறு. சின்னத் தாடை குழந்தை. தலையைச் சரிசெய்து, வாயைத் துடைத்து, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் மாஸ்க் உட்காரவில்லை. டாக்டர் எல்.எம்.ஏ. கேட்டார், வாய் வழியாக நுழைத்து குரல்வளை வாசலில் உட்காரவைக்கும் மாஸ்க் அது. இருந்தது, ஆனால் அலமாரியில் பூட்டி, சாவி வேறு ஒருவரிடம். அந்தச் சாவிக்காக ஓடியதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வந்தது ஐ-ஜெல் என்ற வகை, 1-ஆம் சைஸ். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் தேவையில்லை, அதன் விளிம்பைக் காற்றடித்து உப்பவைக்கும் வேலையும் இல்லை. மேலண்ணத்தை ஒட்டி வழுக்கிவிட்டு, தடுக்கும் இடத்தில் நிறுத்தினார். இரண்டாவது அமுக்கலிலேயே நெஞ்சு ஏறியது.

அதற்காக எல்லாக் குழந்தைக்கும் அதுதான் மேல் என்று நான் சொல்லமாட்டேன். உகாண்டாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. அங்கே வைத்தவர்கள் நம்மைப் போன்ற மருத்துவச்சிகள்தான். இறப்பிலோ மூளைப் பாதிப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாஸ்க் தோற்றுப்போகிற குழந்தைக்கு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அது கையில் இருக்கவேண்டும்.

அரூர் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:
சரிம்மா, 1.6 கிலோ குழந்தைக்கும் வைக்கலாமா? எங்களுக்கு அப்படி அடிக்கடி வருகிறது.

கிருஷ்ணகிரி, பிரசவ அறை நர்ஸ்:
1-ஆம் சைஸ் 2 கிலோவிலிருந்துதான் அக்கா. அதற்குக் கீழே சின்ன மாஸ்க்கும், நீங்கள் பிடித்ததைப் போன்ற நல்ல பிடியும்தான், முடியாவிட்டால் குழாய்.

அரூர் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:
இன்று காலை டியூட்டி டாக்டரிடம் பேசிவிட்டேன். எங்களுடைய எல்.எம்.ஏ. இனி வார்மர் தட்டில், அம்பு பேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும்.