ஆர்டிஃபேக்ட்: 'படப்பிழை' வேண்டாம், 'படத்திரிபு' வைப்போம்

வணக்கம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படத்தில், உடம்பில் இருப்பதை அப்படியே காட்டாமல் ஒலியின் போக்காலும் கருவியின் கணக்காலும் விழும் தோற்றத்தை 'ஆர்டிஃபேக்ட்' என்கிறோம். அதற்குத் தமிழில் 'படப்பிழை' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன், எனக்கு ஒப்புதல் இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஸ்கேன் பார்க்கிறவன் நான். உளுந்து பறிக்கிற பங்குனி வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கல் இருப்பதை உறுதிசெய்ய இந்தப் 'பிழை'தான் பெரிய துணை. சிறுநீரகத்தில் கல் வெள்ளையாகத் தெரியும், ஆனால் நடுவில் இருக்கிற கொழுப்பும் வெள்ளைதான். கல் ஒலியைத் தடுப்பதால் அதன் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை விழுகிறதே, அதுதான் காட்டிக்கொடுக்கும். கருவி அனுப்பும் ஒலிக்கற்றையின் அகலத்தைவிடக் கல் சிறியதாக இருந்தால் அந்த நிழலும் சரியாக விழாது. அப்போது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் பல கற்கள் சிவப்பும் நீலமுமாக மினுங்கும். அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. அந்த மினுக்கத்துக்குப் 'பிழை' என்று பெயர் வைத்துவிட்டு, அதையே ரிப்போர்ட்டில் ஆதாரமாக எப்படி எழுதுவது?

ஆர்டிஃபேக்டுக்குப் 'போலி' என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தாது. சிறுநீர்ப்பைக்குள் கற்றையின் தடிமனால் கசடு மாதிரி தெரிவதைப் 'போலிக் கசடு' எனலாம், சரி. (ஆளைப் புரண்டு படுக்கச் சொன்னால் உண்மையான கசடு மெல்ல நகர்ந்து புதிய அடிப்பக்கத்தில் சேரும்.) ஆனால் நிழல் போலி இல்லையே, ஒலி உண்மையிலேயே அங்கே போய்ச் சேரவில்லை.

புணர்ச்சி விகாரம் மூன்று என்று பள்ளியில் படித்தோமே, தோன்றல், திரிதல், கெடுதல். இங்கேயும் அதுதான் நடக்கிறது. சிறுநீர்ப்பையின் முன்சுவரை ஒட்டி எதிரொலி கோடு கோடாக விழுவது தோன்றல். கல்லுக்குப் பின்னால் இருப்பது மறைந்துபோவது கெடுதல். எல்லாத் திசுவிலும் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்றே கருவி கணக்குப் போடுவதால், கொழுப்பு வழியே மெதுவாகத் திரும்பிய எதிரொலி இருக்கிற இடத்தைவிட ஆழத்தில் பதிவது திரிதல். இலக்கணப்படி பொதுப்பெயர் 'விகாரம்'தான். ஆனால் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் படிக்கிற குடும்பம் மிரண்டுபோகும், அதனால்தான் 'படத்திரிபு' என்கிறேன். கொரோனா காலத்தில் 'திரிபு' வைரஸுக்குப் போய்விட்டது உண்மைதான், முன்னால் 'பட' நிற்பதால் குழப்பம் வராது.

இந்தப் பொதுப்பெயரின் கீழே வகைகளாக ஒலிநிழல், மினுக்கம், எதிரொலிக்கோடு வரும். நீர்க்கட்டிக்குப் பின்னால் கூடுதல் வெள்ளையாகத் தெரிவதற்குப் 'பின்பொலிவு' என்று வைத்திருக்கிறேன். இன்னும் எளிதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.